பட்டாசலில் வாடும் செடி, புறவாசலில் துளிர்ப்பது ஏன்?

வாங்கிப் பட்டாசலில், அதாவது வீட்டுக் கூடத்தில், வைத்த புதுசில் மணி பிளான்ட் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மாதம் போனால் கணுவுக்குக் கணு இடைவெளி நீளும், இலை சிறுக்கும், அடி இலை ஒவ்வொன்றாக மஞ்சளாகும். அரேகா பாம் என்றால் நுனி காயும். பீஸ் லில்லி என்றால் பூ நின்றுபோகும். முதலில் தண்ணீரைக் கூட்டுவார்கள், அடுத்து உரம் போடுவார்கள், கடைசியில் ‘நம்ம வீட்டுக்குச் செடி ராசியில்லை’ என்று சொல்லி, தொட்டியைத் தூக்கிப் புறவாசலில் கிணற்றடி ஓரமாக வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். ஐப்பசி மழை நாலு தரம் பெய்தபின் பார்த்தால் அதே செடி துளிர்த்து நிற்கும். திருநெல்வேலிப் பக்கம் பல வீடுகளில் நடக்கிற கதை இது. ராசிக்கு இதில் வேலையில்லை, காரணங்கள் தெளிவானவை. சித்திரை மாதம் வெளியே வைத்த ஒரே நாளில் கருகிப்போன செடிகளுக்கும் அதே போலத் தெளிவான காரணங்கள் உண்டு.

முதல் காரணம் வெளிச்சம். நர்சரியில் அந்தச் செடி வீட்டுக்குள் வளரவில்லை. பச்சை நிழல்வலைக்குக் கீழே, பகல் முழுக்க வெளிச்சத்தில், பக்கத்துச் செடிகளின் ஈரக்காற்றில் வளர்ந்தது. அங்கே சேர்த்துவைத்த மாவுச்சத்துதான் நம் வீட்டில் முதல் இரண்டு மூன்று மாதம் அதைத் தாங்குகிறது. இருப்பு தீர்ந்ததும் உண்மை நிலை வெளியே தெரிகிறது. உச்சி வெயிலில் திறந்த வெளியில் சுமார் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) இருக்கும். வானம் தெரிகிற நிழலில் 10,000 முதல் 20,000 வரை. ஜன்னலை ஒட்டி 1,000 முதல் 3,000. பட்டாசலின் உள்மூலையில், டிவி மேஜைப் பக்கத்தில், பெரும்பாலும் 100, 200தான். நம் கண் குறைந்த வெளிச்சத்துக்குச் சட்டென்று பழகிக்கொள்வதால் வெளி நிழலுக்கும் உள்மூலைக்கும் உள்ள இந்த நூறு மடங்கு வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை, இலைக்குத் தெரிகிறது. பகலில் தயாரிக்கிற உணவு, இரவும் பகலும் மூச்சுவிடச் செலவாகிற உணவுக்குச் சரியாகிற ஒரு வெளிச்ச அளவு ஒவ்வொரு செடிக்கும் உண்டு. அதற்குக் கீழே வைத்தால், செடி பழைய இலையிலிருந்து சத்தை உருவித்தான் புது இலை விடும். அடி இலை மஞ்சளாவது பல நேரம் இதனால்தான். உரம் போதாததால் அல்ல.

வெளிச்சத்தை அளக்கக் கருவி வேண்டாம். காலை 10 மணிக்கு, செடி இருக்கிற இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஓரடி மேலே கையை நீட்டிப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரியும்படி நிழல் விழுந்தால் எந்த இலைச்செடிக்கும் அந்த இடம் போதும். கை என்று மட்டும் தெரிகிற மங்கலான நிழலென்றால் பாம்புச் செடி, ஸீஸீ (ZZ) செடி, மணி பிளான்ட் பிழைத்துக் கிடக்கும், பெரிதாக வளராது. நிழலே விழவில்லையென்றால் அது செடி வைக்கிற இடமே இல்லை.

பழைய வளவு வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்ததில்லை. நடுவீட்டில் முற்றம் இருந்தது, முற்றத்தில் வானம் தெரிந்தது, துளசி அங்கே நின்றது. இன்று முற்றத்துக்கு மேலே தகடு போட்டு மூடிவிட்டு, முன் தாழ்வாரமான தார்சாவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, உள்ளே பச்சை வேண்டுமென்று செடி வாங்குகிறோம்.

இரண்டாவது காரணம் வேர். உண்மையில் செடியைச் சாகடிப்பது இதுதான். வெளிச்சம் குறைந்த இடத்தில் செடி குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும், காற்றோட்டம் இல்லாததால் மண்ணும் காயாது. நாம் தினமும் ஒரு செம்பு ஊற்றுகிறோம். மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டிய இடமெல்லாம் தண்ணீராகி, வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது. அழுகின வேர் தண்ணீர் எடுக்காது, அதனால் இலை தொங்கும். தொங்குகிற இலையைப் பார்த்து இன்னொரு செம்பு ஊற்றுவோம். வெளியே வைத்ததும் வெயிலும் காற்றும் சேர்ந்து இரண்டு மூன்று நாளில் மண்ணைக் காயவைக்கின்றன, வேருக்கு மறுபடி காற்று கிடைக்கிறது. செடி பிழைத்ததில் பாதி இதற்குச் சேரும். மழை இன்னொரு வேலையும் செய்கிறது: இலைத் தூசியைக் கழுவுகிறது, மண்ணில் சேர்ந்த உப்பைக் கரைத்து அடித்துளை வழியே வெளியேற்றுகிறது.

ஆகவே செடியை வெளியே கொண்டுபோகுமுன் முதலில் பார்க்க வேண்டியது வேரைத்தான். தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைத் தட்டி, மண்ணுருண்டையை மெதுவாக உருவுங்கள். வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ, இழுத்தால் அறாத வேர் நல்ல வேர். பழுப்பாகி, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவில் நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகல். முகர்ந்தாலே சாக்கடை வாடை அடிக்கும். அப்படிப்பட்டதைச் சுத்தமான கத்தரியால் நல்ல பகுதி தெரிகிறவரை வெட்டிவிட்டு, மேலேயும் அதே விகிதத்தில் இலையைக் குறைத்து, புது மண்ணில் வையுங்கள். வேர் நன்றாக இருந்தால் மண்ணைத் தொடாதீர்கள். இடமாற்றம் ஒரு அடி, மண்மாற்றம் இன்னொரு அடி. நலிந்த செடிக்கு ஒரே வாரத்தில் இரண்டும் வேண்டாம்.

வெளியூரிலிருந்து லாரியில் வருகிற செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றி இறுகிய களிமண் உருண்டை இருக்கும். கொண்டுபோக வசதி, குடிக்க வசதியில்லை. சுற்றியுள்ள மண்ணில் ஊற்றுகிற தண்ணீர் உருண்டையைத் தொடாமல் வழிந்துவிடும், அல்லது ஒருமுறை நனைந்த உருண்டை பத்து நாள் காயாது. அதை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பக்கவாட்டிலும் அடியிலும் மூன்றில் ஒரு பங்கை மட்டும் விரலால் கரைத்து எடுங்கள். முழுவதும் கழுவினால் நுனிவேரெல்லாம் போய்விடும்.

மண் கலவைக்கு இங்கே கிடைக்கிறதே போதும். ஊறவைத்துக் கழுவிய தென்னைநார்த் தூள் 2 பங்கு, அரிசி ஆலையில் கிடைக்கிற கரிந்த உமி 1 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, செம்மண் 1 பங்கு. நார்த்தூளைக் கழுவுவது கட்டாயம், அதில் உப்பு உண்டு. இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, கடைசித் தண்ணீர் டீ நிறம் மாறி வெளுக்கிறவரை அலசுங்கள். இதோடு மணலும் வேண்டுமென்று, ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட் (பாறையை உடைத்த மணல்) சேர்ப்பதானால் அதையும் அலசி மாவைப் போக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் மண் சிமெண்டுபோல இறுகும். கரிசல் மண்ணைத் தொட்டியில் போடவே வேண்டாம்.

இனி வெளியே. வீட்டுக்குள் விட்ட இலை மெல்லியது. குறைந்த வெளிச்சத்தைப் பிடிக்க அகலமாக, தடிப்பில்லாமல் அமைந்தது. அதை 1,00,000 லக்ஸில் நிறுத்தினால் பச்சையம் வெளுத்துவிடும். வெயில்பட்ட புண்ணை அடையாளம் காண்பது எளிது. இலையில் வானத்தைப் பார்த்த மேட்டுப் பகுதியில் மட்டும் முதல் நாள் வெளிர்ந்த திட்டு விழும், மூன்றாம் நாள் அது காகிதம்போல வெள்ளை அல்லது வைக்கோல் நிறமாகும், அதோடு நின்றுவிடும். சுற்றிலும் மஞ்சள் வளையத்தோடு நாளுக்கு நாள் பரவுகிற புள்ளி பூஞ்சை நோய். வெயில் புண் ஆறாது, அந்த இலையும் பழையபடி ஆகாது. ஆனால் முழுக்கக் காயும்வரை வெட்டாதீர்கள், மிச்சப் பச்சை வேலை செய்துகொண்டிருக்கும்.

முதல் வாரம் நேர்வெயில் ஒரு நிமிஷம்கூடப் படாத, ஆனால் தலைக்கு மேல் வானம் தெரிகிற இடம். இரண்டாம் வாரம் காலை 8 மணிக்கு முன்னான வெயில் அரைமணி நேரம். மூன்றாம் வாரம் ஒன்பது, ஒன்பதரை வரை. அதற்குமேல் செடியைப் பொறுத்தது. இலைச்செடிகளில் பலவற்றுக்கு முதல் வாரத்து இடமே நிரந்தரமாகப் போதும், வெயிலுக்கு நகர்த்தித்தான் ஆக வேண்டும் என்றில்லை. இதில் ஒரு கண்ணி உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் ஒரு வாரம் மூட்டம் போட்டால், செடி வெயிலுக்குப் பழகிவிட்டதென்று நினைத்துத் திறந்த வெளியில் விட்டுவிடுவோம். அது பழகியிருப்பது மேகத்துக்கு. எட்டாம் நாள் வெளுக்கிற வெயிலில் கருகும்.

எந்தத் திசை? இணையத்தில் படிக்கிற ‘தெற்கு ஜன்னல் நல்ல வெயில், வடக்கில் வெயிலே வராது’ என்பது குளிர்நாட்டுக் கணக்கு. திருநெல்வேலி 8.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 2ஆம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நாலரை மாதமும் வடக்குச் சுவருக்குக் காலையிலும் சாயங்காலத்திலும் சாய்வெயில் அடிக்கும். மத்தியான வெயிலை மட்டும் சன்ஷேடு தடுத்துவிடும். ஜூனில்கூட 2 அடி சன்ஷேடு உச்சிவேளையில் ஏழடிக்குக் குறையாத நிழலைச் சுவரில் இறக்கும். மார்கழியில் தெற்குச் சுவரில் இதே கணக்கு மாறிவிடும். சூரியன் அப்போது 58 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது, அதே 2 அடி சன்ஷேடு மூன்றடி நிழல்தான் தரும், தரையில் இருக்கிற தொட்டி முழு வெயிலில் நிற்கும். அதனால் வடக்குச் சுவரடி புரட்டாசி முதல் பங்குனி வரை ஆஸ்பத்திரி மாதிரி, நலிந்த எதையும் நம்பி வைக்கலாம். கிழக்கு வருஷம் முழுக்க நல்லது. மேற்குச் சுவரை விட்டுவிடுங்கள். சாயங்காலம் வெயில் இறங்கினபிறகும் சுவர் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

மரநிழல் எல்லாம் ஒன்றல்ல. வேம்பு நல்ல நிழல், ஆனால் மாசி, பங்குனியில் இலை உதிர்த்துவிடும். வெயில் ஏறுகிற நேரத்தில் சில வாரம் நிழல் ஓட்டையாகும், அந்தச் சமயம் தொட்டியை நகர்த்துங்கள். முருங்கை நிழல் சல்லடைபோல இதமானது, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொட்டுவதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். மாமரத்தடி ரொம்ப இருட்டு. மரமே இல்லாத வீட்டுக்கு நிழல்வலை: பீஸ் லில்லி, அக்லோனிமா, கலாத்தியாவுக்கு 75 சதவீதம், ரப்பர் செடி, அரேகா, குரோட்டன்ஸுக்கு 50 சதவீதம். வலையைச் செடித் தலையில் படும்படி கட்டாமல் ஏழெட்டடி உயரத்தில் கட்டினால்தான் கீழே சூடு தேங்காது.

மொட்டை மாடியில் வெயிலைவிடத் தளம்தான் ஆபத்து. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி கான்கிரீட்டில் நேரடியாக உட்கார்ந்திருந்தால் மத்தியானம் மண் 40 டிகிரியைத் தாண்டிவிடும், ஓரத்து வேர்நுனிகள் வெந்துபோகும். தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்துத் தூக்குங்கள், தொட்டியைப் பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி இடைவெளியில் தேங்காய் நாரை அடையுங்கள். மண் ஈரமாக இருந்தும் மத்தியானம் இலை தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தால் அது சூடு. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காலையிலும் தொங்கினால்தான் தாகமோ வேரழுகலோ. மாடி ஓஸ் பைப்பில் தேங்கிய தண்ணீர் மத்தியானம் கொதிக்கும். ஒரு வாளி வெளியே விட்டபின் செடிக்குத் திருப்புங்கள்.

எந்த மாதத்தில் மாற்றுவது என்பதற்குத் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்கள் முழுதுக்கும் ஒரே பதில் கிடையாது. பாளையங்கோட்டை, நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் ஆனியும் ஆடியும் காற்றுக் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் இறங்குகிற மேல்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு வறண்டு வருகிறது. பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் அரேகா மட்டையைக் கிழிக்கிறது, பீஸ் லில்லியை அரை நாளில் சுருட்டுகிறது. அங்கே அந்த மாதங்களில் வெளியே மாற்றுவதானால் மேற்கே சுவர் மறைவு வேண்டும். குற்றாலம், தென்காசி, பாபநாசம் ஓரங்களில் நிலைமை நேர்மாறு. சாரல் விழுகிற ஆனி, ஆடிதான் அங்கே பொன்னான நேரம். சமவெளிக்குப் புரட்டாசிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். பங்குனி பாதி முதல் அக்னி நட்சத்திரம் முடிகிறவரை எங்கேயும் வேண்டாம். அவசரமென்றால் வீட்டுக்குள்ளேயே ஜன்னலோரம் நகர்த்தி, தண்ணீரைக் குறைத்து, ஆனி வரை தள்ளுங்கள்.

மழைக்காலத்தில் வெளியே வைக்கிற தொட்டிக்கு அடித்தட்டு கூடாது. 10 அங்குலத் தொட்டிக்கு அடியில் விரல் பருமனில் நாலு ஐந்து துளை இருக்க வேண்டும். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் கொட்டினால் அடித்தட்டில் நிற்கிற தண்ணீர் போதும், பிழைத்துவந்த வேரைத் திரும்ப அழுகவைக்க. பாம்புச் செடி, ஸீஸீ, ஜேட் மூன்றையும் அடைமழையில் சன்ஷேடுக்கு அடியில் இழுத்துவிடுங்கள்.

செடிவாரியாகச் சொன்னால், குரோட்டன்ஸில்தான் மாற்றம் முதலில் கண்ணில் படும். உள்ளே வெறும் பச்சையாகிக் கிடந்தது, வெளியே வந்து விடுகிற புது இலையில் மஞ்சளும் சிவப்பும் காட்டும். பழைய இலைகள் முதலில் கொட்டும், கொட்டட்டும். பெஞ்சமினா ஃபைக்கஸ் எந்த இடமாற்றத்துக்கும் இலையை உதிர்த்துத்தான் பதில் சொல்லும். இரண்டு மூன்று வாரத்தில் குச்சியாக நின்றாலும் பிடுங்காதீர்கள். கிளையை நகத்தால் லேசாகக் கீறி, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இலை இல்லாத செடி குறைவாகத்தான் குடிக்கும் என்பதால் தண்ணீரைப் பாதியாக்குங்கள்.

பாம்புச் செடி நம் காட்டு மருளுக்கு உறவு. பழக்கினால் முழு வெயிலையும் தாங்கும், ஈரத்தைத்தான் தாங்காது. அடியில் கொழகொழத்த மட்டையை வெட்டி எறிந்து, நல்ல கிழங்குத் துண்டை நிழலில் மூன்று நாள் காயவைத்து, உலர்ந்த மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் காட்டுங்கள். ஸீஸீ இரண்டு மூன்று மாதம் அசையாமல் உட்கார்ந்திருக்கும், பிறகு திடீரென்று முளை விடும். ஜேட் போன்ற சதைப்பற்றுச் செடிகள் உள்ளே வெளிச்சம் தேடி நீண்டுவிட்டால் வெளியே வந்தும் சுருங்காது. நுனியை வெட்டி, காயவைத்து, புதிதாக நட வேண்டும்.

மணி பிளான்ட் மூன்று நாலு வாரத்தில் பெரிய இலையாக விடத் தொடங்கும். மரத்தில் ஏற்றிவிட்டால் இலை முறம் அளவுக்குப் போகும். ஆட்டுக்கும் கன்றுக்கும் எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்: மணி பிளான்ட், டீஃபன்பாக்கியா இரண்டின் சாறும் வாயை அரிக்கும். லக்கி பாம்பூவுக்கு வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். ஒரு நாள் மத்தியான வெயிலுக்கே தண்டு மஞ்சளாகும், மஞ்சளான தண்டு திரும்பாது. பீஸ் லில்லி, அக்லோனிமா, கலாத்தியா மூன்றுக்கும் கிணற்றடியும் அங்கணத்துப் (பாத்திரம் கழுவுகிற இடத்துப்) பக்கமும் மிக நல்ல இடம், தரை எப்போதும் நனைந்திருப்பதால் காற்றில் ஈரம் உண்டு. சோப்புத் தண்ணீர் மட்டும் தொட்டிக்குள் தெறிக்கக் கூடாது.

அரேகாவின் நுனி காய்வதை வெளிக்காற்று மட்டும் தீர்க்காது. பெரும்பாலும் தண்ணீரின் உப்புதான் காரணம். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற தெருக்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆழ்துளைத் தண்ணீரை நம்பியிருக்கிற இடங்களில், கடலோரம் போகப் போக, கூடுதல். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூப்பு தெரிந்தால் மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியே வடியவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளுகிற கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம் மாதிரித் தெரியும், வடித்துச் சேர்த்த உப்பு அத்தனையும் அதில்தான் இருக்கிறது. இலை மஞ்சளோடிக் கிடந்தால் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட் என்கிற உரம்) லிட்டருக்கு 5 கிராம், மாதம் ஒருமுறை, நனைந்த மண்ணில்.

வெளியே வந்த முதல் மாதம் உரமே வேண்டாம். வேர் வேலை செய்யத் தொடங்கினதற்குப் புது இலைதான் சாட்சி. அது விரிந்தபின் 10 அங்குலத் தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம், அல்லது லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா, அல்லது 19:19:19 உரம் லிட்டருக்கு 1 கிராம் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. மூன்றில் ஒன்று போதும்.

மாவுப்பூச்சி பெரும்பாலும் உள்ளேயிருந்தே கூட வருவது. இலைக்கவட்டில் பஞ்சுபோல ஒட்டியிருப்பதை ஈரத்துணியால் துடைத்து, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 2 மில்லி திரவச் சோப்பு கலந்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். மறுநாள் வெயிலில் வைக்காதீர்கள், எண்ணெய்ப் பட்ட இலை சீக்கிரம் கருகும். எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சியின் தேனுக்காக எறும்பே அதைக் காவல் காக்கும், எறும்பைத் தடுக்காமல் பூச்சி போகாது. இலையடியில் மெல்லிய வலையும் மேலே ஊசிக்குத்துபோல வெளிர்ப் புள்ளிகளும் தெரிந்தால் செஞ்சிலந்திப் பேன். அதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று தரம், அடிப்பக்கத்தைத் தண்ணீரால் பீய்ச்சினாலே பாதிக்கு மேல் போய்விடும்.

தேறின செடியைத் திரும்ப உள்ளே கொண்டுபோவதுதான் பலருக்கும் தவறிப்போகிற இடம். மூன்று மாதம் வெளியே கிடந்ததைப் பழைய மூலையிலேயே வைத்தால், பழைய கதை முன்னைவிட வேகமாக நடக்கும், ஏனென்றால் வெளியில் விட்ட தடித்த இலைகளுக்கு மூச்சுச் செலவு அதிகம். முதலில் தார்சாவில் பத்து நாள், பிறகு ஜன்னலிலிருந்து இரண்டடிக்குள். இலையடி, தொட்டியின் அடித்துளை, மேல்மண் மூன்றையும் பூச்சிக்காகப் பார்த்தபின்புதான் வாசலைத் தாண்ட வேண்டும். தண்ணீரை உடனே மூன்றில் ஒரு பங்காக்குங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டு, ஈரம் ஒட்டாதபோது மட்டும் ஊற்றினால் போதும்.

உள்ளே எப்போதும் செடி இருக்க வேண்டுமென்றால், ஒரே வகையில் மூன்று தொட்டி வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். ஒன்று பட்டாசலில், இரண்டு வடக்குச் சுவரடியில். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்று. உள்ளே மூன்று வாரம், வெளியே ஆறு வாரம் என்று ஆகிறது. மணி பிளான்ட், அக்லோனிமா, பாம்புச் செடி, சிறிய அரேகா இந்த முறைக்கு ஒத்துப்போகும். பெஞ்சமினாவை இதில் சேர்க்காதீர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் மொட்டையடித்துக்கொள்ளும். குரோட்டன்ஸும் ஜேடும் வெளியே தேறினால் வெளியிலேயே இருக்கட்டும்.